செனட்டரின் நல்ல முகம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுகிறவர்களுக்கு அலமாரியிலிருந்து படம் தேடிக் கொடுத்ததுதான் என் உத்தியோகம். நான் எழுதியதெல்லாம் படக் கவர்களின் மேல் பெயரும், ஊருக்குக் கடிதமும்தான். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி., அதிலும் இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிக் கரையேறியவன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு உடனே தாகம் எடுக்கும். நான் ஓய்வு பெற்ற அன்று படப்பிரிவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, "அண்ணே, அந்த செனட்டர் கதையச் சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டீர்கள். நான் மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். தப்பிருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நான் ஷார்ஜாவுக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். அதற்கு முன் காயல்பட்டினத்தில் ஒரு மருந்துக்கடையில் நாலு வருடம் வேலை. நம் இங்கிலீஷ் பத்திரிகை ஆபீஸ் அப்போது தொழில்பேட்டையில் இருந்தது. ஒரு பக்கம் லாரி கராஜ், மறு பக்கம் ஐஸ் ஃபேக்டரி. என்னை வேலைக்கு எடுத்தவர் நியூஸ் எடிட்டர். திருச்சிக்காரர், பெரிய படிப்பாளி. அமெரிக்க ஜனாதிபதி யார் என்று கேட்டார். தெரியவில்லை. பிரிட்டன் பிரதமர் யார் என்றார். அதுவும் தெரியவில்லை. கடைசியில், என்னதான்யா தெரியும் என்றார். ஆயிரம் மருந்துப் புட்டியை ஏ முதல் இசட் வரை அடுக்கத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் தெரியும் என்றேன். மறுநாளே படங்களின் அலமாரியை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

இன்றைக்கு நீங்கள் பெயரைத் தட்டினால் திரையில் நூறு முகம் வருகிறது. அன்றைக்கு லண்டனிலிருந்து வாரம் ஒரு பை நிறையப் படம் தபாலில் வரும். அவசரப் படம் என்றால் மெஷினில் வரி வரியாக இறங்கும். எல்லாவற்றையும் ஆள்வாரியாகப் பிரித்து, பழுப்புக் கவரில் போட்டு, பெயர் எழுதி வைப்பேன். அமெரிக்க அரசியல்வாதிகளுக்கு மட்டும் தனி அலமாரி. அந்த ஊரில் படம் எடுக்கிறவர்கள் அத்தனை பேர். "அமெரிக்கா முழுவதும் இப்போது என் பொறுப்பில்தான் இருக்கிறது" என்று வாப்பாவுக்கு எழுதினேன். வாப்பா அந்தக் கடிதத்தைத் தெருவில் பாதிப் பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

அந்த அலமாரியில் இரண்டு கவர்கள் மட்டும் எப்போதும் என் மேஜை மேலேயே கிடக்கும். ஒருவர் கவர்னர், இன்னொருவர் செனட்டர். பெயர் வேண்டாம், அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கும். அங்கே கவர்னர் என்றால் நம் முதல் மந்திரி மாதிரி, செனட்டர் என்றால் நம் ராஜ்யசபா மெம்பர் மாதிரி என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு பேரும் ஒரே கட்சி. ஜனாதிபதி நாற்காலிக்கு யார் நிற்பது என்று இரண்டு பேருக்கும் இரண்டு வருடமாக இழுபறி. அதனால் தினமும் செய்தி, தினமும் படம்.

நியூஸ் எடிட்டருக்குக் கவர்னர் என்றால் உயிர். செனட்டர் என்றால் வேப்பங்காய். அரசியல் காரணம் இருக்கும் என்று நினைத்து நான் பயந்துகொண்டே இருந்தேன். கீழே இருட்டறையில் படம் கழுவும் கீழக்கரைக் காக்காதான் உண்மையைச் சொன்னார்; எங்கள் பக்கத்தில் மூத்தவர்களைக் காக்கா என்போம். காலேஜில் படிக்கும்போது நியூஸ் எடிட்டர் வெளிநாட்டுப் பிரமுகர்களுக்கெல்லாம் கடிதம் எழுதுவாராம். அப்போது சின்ன ஆட்களாக இருந்த இவர்கள் இரண்டு பேருக்கும் எழுதியிருக்கிறார். கவர்னர் கையெழுத்துப் போட்ட படம் அனுப்பினார். செனட்டர் பதில் போடவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்தப் படம் நியூஸ் எடிட்டரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதில் இருந்தது அச்சடித்த கையெழுத்து என்று காக்கா சொல்வார், அவருக்கு முன்னால் சொல்ல மாட்டார்.

நியூஸ் எடிட்டர் இதை மறைத்ததும் இல்லை. "ஒரு கடுதாசிக்குப் பதில் போடத் தெரியாதவன் நாட்டை எப்படிய்யா ஆள்வான்?" என்பார். கட்சிக்குள் நடக்கும் ஓட்டெடுப்பில் கவர்னர் தோற்றால் செய்தியில் 'மயிரிழையில் நழுவியது' என்று வரும். செனட்டர் அதே அளவில் தோற்றால் 'மக்கள் நிராகரித்தனர்' என்று வரும். கவர்னர் எதைச் சொன்னாலும் 'விளக்கினார்'. செனட்டர் எதைச் சொன்னாலும் 'சமாளித்தார்'. நான் டிக்ஷனரி வைத்துக்கொண்டு படிக்கிறவன். அந்த ஊரில் ஒருவர் விளக்குவதற்காகவும் இன்னொருவர் சமாளிப்பதற்காகவும் சம்பளம் வாங்குகிறார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

படத்துக்கும் அதே சட்டம். தினமும் சாயங்காலம் நியூஸ் எடிட்டர் தம் இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். டீக்கடையில் ஆர்டர் சொல்வது போல இருக்கும்: "ஒரு நல்ல கவர்னர், ஒரு கெட்ட செனட்டர்." நான் கொண்டுபோவேன். கவர்னர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார். செனட்டர் தும்முவார். கவர்னர் வானத்தைப் பார்ப்பார். செனட்டர் மக்காச்சோளத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கடிப்பார். பென்சிலால் கவர்னரின் கவர் மேல் 'வேண்டியவர்' என்றும், செனட்டரின் கவர் மேல் 'வேண்டாதவர்' என்றும் எழுதி வைத்தேன். தமிழில் எழுதியதால் எங்களைத் தவிர வேறு யாருக்கும் புரியாது என்று ஒரு தைரியம்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. இன்னும் சொன்னால் எனக்கே செனட்டரைப் பிடிக்காது. தினமும் அந்த மூஞ்சியைத்தானே பார்க்கிறேன். எங்கள் ரூமில் ஐந்து பேர் இருந்தோம், இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். கிரேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் சாப்பிடும்போது கீழே விரிப்பதற்காகப் பழைய பேப்பரை என்னிடம் வாங்கிக்கொள்வார். ஒருநாள் செனட்டர் மேல் சாம்பார்ச் சட்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஆளு மட்டும் ஜெயிச்சான்னு வையி, நம்ம எல்லாரையும் ஊருக்கு அனுப்பிருவான். மூஞ்சியப் பாரு." மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்த மூஞ்சியைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அலமாரி நிறைந்துவிட்டது. இடம் பண்ணச் சொன்னார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பதென்றால் போய்ப் பேச வேண்டுமே. மருந்துக்கடையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருடம் முழுக்க யாரும் கேட்காத சரக்கைத் தட்டிலிருந்து இறக்கிவிடுவோம். அதே கணக்கை இங்கே போட்டேன். செனட்டரின் நல்ல முகத்தை யாராவது கேட்டார்களா? இல்லை. கவர்னரின் கெட்ட முகத்தை? அதுவும் இல்லை. இரண்டையும் பொறுக்கி எடுத்து, நாலு கட்டாகக் கட்டி, குப்பை லாரியில் ஏற்றிவிட்டேன். அதன் பிறகு தபாலில் வந்தவற்றையும் அன்றன்றே கழித்துக் கட்டினேன். கவர் இரண்டும் இளைத்து அழகாகிவிட்டன. நியூஸ் எடிட்டர் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "பலே" என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து டியூட்டிக்கு வந்து உட்கார்ந்தேன். மேனேஜர் உள்ளே வந்தார். அவர் இந்த ஊர் அரபி, சின்ன வயதில் பம்பாயில் இருந்தவர், எங்களிடம் இந்தியில்தான் பேசுவார். வெள்ளிக்கிழமை இங்கே வார விடுமுறை, அன்று அவர் ஆபீசுக்கு வந்ததே இல்லை. நேரே நியூஸ் எடிட்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அமெரிக்காவிலிருந்து அந்த செனட்டர் வளைகுடாவைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார். நாளை நம் முதலாளி வீட்டில் அவருக்கு மதிய விருந்து. விருந்துக்கு முன் பத்து மணிக்கு நம் அச்சகத்தைப் பார்க்க வருகிறார். அவர் கையில் கொடுக்கப்போகும் பேப்பரில், முதல் பக்கத்தில், மூன்று பத்தி அகலத்துக்கு அவர் படம் இருக்க வேண்டும். சிரித்த முகமாக.

நியூஸ் எடிட்டர் என்னைப் பார்த்தார். நான் கவரை எடுத்துக்கொண்டு போனேன். வேறென்ன செய்ய முடியும்?

மேனேஜர் படங்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். தும்மல். சோளம். காற்றில் வேட்டியைப் பிடிப்பது போலக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. நாயைத் திட்டுவது. மேடையில் தூங்குவது. படிக்கட்டில் கால் தடுக்குவது, அதுவே மூன்று கோணத்தில். இன்னொரு தும்மல். கடைசிப் படத்தை வைத்துவிட்டு மேனேஜர் உண்மையான கவலையோடு கேட்டார்: "யே ஆத்மி பீமார் ஹை க்யா?" இந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையா என்று.

பெரிய எடிட்டர் லண்டனில் லீவில் இருந்தார். லண்டனிலிருந்து புதுப் படம் கேட்கலாம் என்றால், காலையிலிருந்து படம் இறங்கும் மெஷின் வெறும் கோடுதான் போட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தூதரக ஆபீசுக்கு போன் செய்தார்கள், வெள்ளிக்கிழமை ஆனதால் மணி மட்டும் அடித்தது. போட்டிப் பத்திரிகையிடம் கேட்கலாம் என்று யாரோ சொன்னார். அதற்கு மேனேஜர் பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல படமெல்லாம் இருந்துது சார். இவன் இடம் பண்றேன்னு எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுட்டான்" என்று நியூஸ் எடிட்டர் பதற்றத்தில் தமிழில் ஆரம்பித்து, அதையே மேனேஜரிடம் இந்தியில் சொன்னார். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. தாகமாக இருந்தது.

மேனேஜர் சத்தம் போடுகிறவர் இல்லை. கடிகாரத்தைக் காட்டினார். எட்டு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். படம் கிடைக்காவிட்டால் நாளைக் காலையில் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள் என்றார். உங்களுக்கு இது புரியாமல் போகலாம். அப்போது எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் ஆபீஸ் பெட்டியில்தான் இருக்கும். கேட்டாலும் தர மாட்டார்கள். அவர்களாகவே கூப்பிட்டுக் கொடுத்தால் கலாஸ், வேலை முடிந்தது, ஊருக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு நாகூர் ஆண்டவர் கூட ஞாபகம் வரவில்லை. வாப்பாதான் ஞாபகம் வந்தார். அமெரிக்கா என்ன ஆச்சு என்று தெருவில் கேட்பார்களே, அதற்கு அவர் என்ன சொல்வார்?

இருட்டறைக்கு ஓடினேன். காக்கா சிவப்பு விளக்கில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு சுளையை நீட்டினார்.

"ரெண்டு வருசமா அந்த மனுசன நம்ம எல்லாரும் சேர்ந்து தும்ம வச்சோம். இன்னைக்கு சிரிக்கச் சொன்னா எப்படிச் சிரிப்பாரு?" என்றார்.

"காக்கா, நானே சாவப் போறேன். நீங்க வேற."

"சாவுறது கெடக்கட்டும். மருந்துக்கடையில ஒரு மருந்து அதோட தட்டுல இல்லைன்னா எங்க தேடுவே?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. தன் தட்டில் இல்லாத மருந்து பெரும்பாலும் பக்கத்து மருந்துக்குப் பின்னால் இருக்கும். படிக்கட்டில் மூன்று மூன்றாகத் தாவி மேலே போய், கவர்னரின் கவரைக் கொண்டுவந்து கொட்டினேன். ஒரே கட்சிக்காரர்கள். எங்காவது சேர்ந்து நின்றுதானே ஆக வேண்டும்?

நாற்பது கவர்னர்களைத் தள்ளிய பிறகு கிடைத்தது. ஏதோ பாலத் திறப்பு விழா. நடுவில் கவர்னர் ரிப்பன் வெட்டுகிறார். அவருக்குப் பின்னால், தொப்பிக்கும் கொடிக்கும் நடுவே, பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். செனட்டர். தும்மவில்லை. காக்கா அந்தப் படத்தையே மறுபடி படம் பிடித்து, பெரிதாக்கி, தாளை மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டினார்.

அந்த முகம் தண்ணீருக்கடியில் மெல்ல மெல்ல வந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. புருவம் வந்தது, பிறகு கண், பிறகு சிரிப்பு. பொடிப் பொடியாக, சிமெண்ட் தூவியது போல இருந்தது. ஆனாலும் நல்ல சிரிப்பு. எங்கள் மருந்துக்கடை முதலாளி, காய்ச்சல் விட்ட குழந்தையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்த ஜாடை. இரண்டு வருடம் தினமும் இந்த ஆளைக் கையில் எடுத்திருக்கிறேன், இப்படி ஒரு முகம் இவருக்கு இருந்தது எனக்குத் தெரியாது. இல்லை, தெரியும். என் கையால்தான் கட்டிக் குப்பையில் போட்டேன். பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"தம்பி, இது யாரோட கை?" என்றார் காக்கா.

செனட்டரின் இடது தோளில் ஐந்து விரல் இருந்தது. கவர்னரின் இன்னொரு கை. ரிப்பன் வெட்டும்போது ஒரு கையால் இவரைத் தட்டிக்கொடுத்திருக்கிறார். கையை வெட்டினால் காதும் போகும். மணி ஏழு. காக்கா தூரிகையை நாக்கில் தொட்டு, கறுப்பு மையைக் குழைத்து, விரல் விரலாக அழித்துக் கோட்டுத் துணியாக்கினார். முடிந்தபோது செனட்டரின் இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது. மூட்டை தூக்கிப் பழகிய தோள் மாதிரி.

நியூஸ் எடிட்டர் படத்தை விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. இவ்வளவு நன்றாக வேண்டுமா என்று முணுமுணுத்தார். பிறகு மூன்று பத்தி அகலத்துக்குக் குறி போட்டுக் கொடுத்தார். கீழே எழுதிய வாசகத்தில் செனட்டர் முதல் தடவையாக எதையோ 'விளக்கினார்'.

பிள்ளைகளா, ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்தது சாமர்த்தியம் என்று நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இரண்டு வருடம் ஒரு மனிதரின் நல்ல முகத்தை மறைத்தோம், அன்று சாயங்காலம் இன்னொரு மனிதரின் கையை மறைத்தோம். வேலை ஒன்றுதான். செய்தி எழுதுகிறவர் சாய்ந்தால் நாலு பேர் கேட்பார்கள், வாசகர் கடிதம் வரும். கவரில் இருந்து படம் எடுக்கிறவன் சாய்ந்தால் யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. உங்களிடம் ஒருவர் 'கெட்டது ஒன்று கொடு' என்று கேட்டால் கொடுங்கள், அவர் பெரியவர். ஆனால் நல்லது அலமாரியில் இருக்கட்டும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு செனட்டர் வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. படத்தைத் தேடி எடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். மேலே வரச் சொல்லி இருட்டறைக்கு மூன்று தடவை ஆள் வந்தது. ஃபிலிம் திறந்திருக்கிறது, கதவைத் திறக்க முடியாது என்று காக்கா உள்ளிருந்தே சொல்லிவிட்டார். திறந்திருந்தது ஆரஞ்சுப் பழம்தான். அமெரிக்கா முழுவதையும் பொறுப்பில் வைத்திருந்த நான், அமெரிக்கா தேடி வந்தபோது சிவப்பு விளக்கில் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மேலே நடந்ததை நியூஸ் எடிட்டரே பிறகு எங்களிடம் வந்து சொன்னார். செனட்டர் பேப்பரைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாராம். "எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் நான் எப்போதும் தும்மிக்கொண்டேதான் இருப்பேன், என் மனைவியிடம்கூட இப்படி ஒரு படம் இல்லை" என்றாராம். பிறகு இடது தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு கை இருந்ததே என்று கேட்டாராம். நியூஸ் எடிட்டருக்கு வியர்த்துவிட்டது. செனட்டர் உரக்கச் சிரித்தாராம். "ரெண்டு வருஷமா அந்தக் கையத் தோள்ல இருந்து எறக்க நான் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன், உங்க ஆளுங்க ஒரு சாயங்காலத்துல எறக்கிட்டாங்களே" என்று அவர் சொன்னதை நியூஸ் எடிட்டர் தமிழில் நடித்தே காட்டினார்.

போகும்போது செனட்டர் அந்த முதல் பக்கத்தில் படத்துக்குக் கீழே, நியூஸ் எடிட்டரின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதி, நிஜப் பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மை காய்வதற்கு முன் நியூஸ் எடிட்டர் அதை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். கையெழுத்தை விரலால் தடவி, மை விரலில் ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஒட்டியது. சாயங்காலம் நான் டீ எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது அந்த முதல் பக்கத்தைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். கவர்னரின் படம் இருந்த இடம் அதுதான். கவர்னர் அதற்கு அடியில் இருந்தார். ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது.

என் பாஸ்போர்ட்டைப் பற்றி மேனேஜர் பிறகு பேசவே இல்லை. அது பெட்டிக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நியூஸ் எடிட்டர் தம் இடத்திலிருந்தே ஒரு நல்ல செனட்டரும் ஒரு கெட்ட கவர்னரும் கேட்டார். கெட்ட கவர்னர் ஒன்றும் இல்லை என்றேன்.